மிசிசிப்பி மான் பருவம்: ஒற்றைத் தோட்டா ரைபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் கடைசியில் சுடும் திடலுக்குப் போனால் ஒவ்வொரு ஆண்டும் ஒரே காட்சிதான். மேசை மேல் புத்தம் புது சிங்கிள் ஷாட் ரைபிள், பக்கத்தில் கட்டை விரல் தடிமனில் தோட்டாக்கள், தோளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞர். டிசம்பர் தொடக்கத்தில் ‘பிரிமிட்டிவ் வெப்பன்’ பருவம், அதாவது பழைய பாணி ஆயுதங்களுக்கென ஒதுக்கிய மான் வேட்டைக் காலம், திறந்துவிடும் என்ற அவசரத்தில் வாங்கியது அது.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்படித் துடைப்பது என்பதையெல்லாம் வேட்டைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் மட்டும் இங்கே.

சட்டத்தைப் பாதி படிப்பது

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தப் பருவத்துக்கு குழல் வாய் வழியே வெடிமருந்தை இடித்து நிரப்பும் துப்பாக்கி மட்டும்தான். மிசிசிப்பியும் லூசியானாவும் ஒரு படி மேலே போய், பின்பக்கம் திறந்து ஒரே ஒரு பித்தளைத் தோட்டா போடும் ரைபிளையும் அனுமதிக்கின்றன. நிபந்தனைகள் இரண்டு: .35 கேலிபர் (அங்குலத்தில் குழலின் உள் விட்டம்) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் வெளியே தெரிய வேண்டும். உள்ளே நவீன வெடிமருந்து இருக்கலாம். அதனால்தான் 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவும், .30-06 கேஸின், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டின், கழுத்தை அகலமாக்கி 1922-இல் உருவான .35 வீலனும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

‘ஒற்றைத் தோட்டாதானே’ என்று ரூகர் நம்பர் 1 எடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். அருமையான ரைபிள், ஆனால் அதன் சுத்தியல் உள்ளே ஒளிந்திருக்கிறது. .30-30-க்கு எவ்வளவு பழமை இருந்தாலும் குழல் சிறியது, செல்லாது. தனியார் நிலத்துக்கும் அரசின் வேட்டைப் பகுதிகளுக்கும் விதிகள் வேறுபடும், ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

பெட்டியில் அச்சடித்த ஆற்றலைப் பார்த்து வாங்குவது

இதுதான் இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைப்பார். ஒன்றில் 1,600 அடி-பவுண்டு (குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு), இன்னொன்றில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புதியவர் கை பெரிய எண்ணுக்குத்தான் போகும். ‘பழைய பாணி’ என்றாலே பெரிய துளை, பெரிய அடி என்று மனதில் பதிந்திருக்கிறது. ரைபிளோ நடுவில் மடித்துத் திறக்கும் மலிவான வகை, ஏழு பவுண்டுகூட இருக்காது. அதில் முழு வேக .45-70 போட்டுச் சுட்டால் தோள் தாங்காது. குறி பார்க்கும் தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, கண்ணுக்கு நெருக்கமாகப் பொருத்தியிருந்தால் அதன் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

வலி ஆறிவிடும். உடம்பு கற்றுக்கொண்ட பயம் போகாது. அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், இடது கை குழலைக் கீழே இழுக்கும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது. சத்தமும் உதையும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அப்புறம் ஸ்கோப் சரியில்லை, தோட்டா சரியில்லை என்று திருகிக்கொண்டே இருப்பார்.

போன பருவத்துக்கு முன் ஓர் இளைஞர் வந்து, தன் ரைபிள் நூறு கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குண்டுகளைச் சிதறவிடுகிறது என்றார். நான் வாங்கி, அவர் பார்க்காதபோது ஏற்கெனவே சுட்ட வெறும் கேஸ் ஒன்றை உள்ளே போட்டு மூடிக் கொடுத்தேன். நிதானமாகக் குறி பார்த்தார், மூச்சை விட்டார், விசையை இழுத்தார். ‘டக்’ என்று சுத்தியல் விழுந்தது. வெடிக்காத அந்த ரைபிளின் வாய் நாலு விரல் கீழே போய், அவர் தலையும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மனிதர் அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டார். சிங்கிள் ஷாட்டில் செய்ய மிக எளிய சோதனை இது, கூட ஒரு நண்பர் இருந்தால் போதும்.

உதை குறைந்த தோட்டாவுக்கு மாறச் சொன்னேன். ‘பருவம் முடியட்டும் சார், வாங்கிய பெட்டி இருக்கிறதே’ என்றார். பிக் பிளாக் ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் எழுபது கெஜத்தில் நின்ற பெட்டை மானைச் சுட்டார். குண்டு நெஞ்சில் படவில்லை, வயிற்றில் பட்டது. மான் நின்ற இடத்தில் ரத்தம் அதிகம் இல்லை. இலை மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு பிசுபிசுப்பு, குனிந்தால் குடல் நாற்றம். மணிக்கணக்கில் காத்திருந்து, மோப்ப நாய் வைத்துத் தேடினோம். தடம் தண்ணீருக்குள் போய் மறைந்துவிட்டது. அந்த மான் எவ்வளவு நேரம் துடித்திருக்கும் என்பது வயிற்றில் அடிபட்ட மானைப் பார்த்த எவருக்கும் தெரியும். பெட்டியில் அச்சடித்த அத்தனை ஆற்றலும் அதற்கு உதவவில்லை.

வெள்ளைவால் மானின் நெஞ்சில் நாம் குறி வைக்கும் பகுதி சுமார் எட்டு அங்குலம். அதற்குள் ஒழுங்காகக் குண்டைப் போட்டால் .44 மேக்னமே போதும்: ரைபிள் குழலிலிருந்து 240 கிரெயின் (குண்டின் எடைக்கான அலகு) குண்டு நொடிக்கு 1,700 அடிக்கு மேல் போகும், உதையும் குறைவு. அடர்ந்த காட்டில் நூறு கெஜத்துக்குள் சுடுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? .45-70 தான் வேண்டும் என்றால், நொடிக்கு 1,330 அடி போகும் பழைய 405 கிரெயின் தோட்டாவை வாங்குங்கள். அந்த 1,600 அடி-பவுண்டு பெட்டி அதுதான். தோளைத் தள்ளும், அறையாது.

தூரத்தை நினைக்காமல் தேர்ந்தெடுப்பது

மேலே சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்த 405 கிரெயின் குண்டு நூறு கெஜத்தில் குறியில் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், இருநூறு கெஜத்தில் அது இரண்டு அடி கீழே இறங்கியிருக்கும். 200 கிரெயின் .35 வீலன் நாலு அங்குலம் போலத்தான் இறங்கும். சோயா வயல் ஓரத்திலோ மின்கம்பிப் பாதையிலோ உட்கார்பவர் வீலனுக்குப் போவது நியாயம். ஆனால் அதுவும் இலேசான ரைபிளில் நன்றாகவே உதைக்கும். கொஞ்சம் கனமான ரைபிள், தோளில் படும் முனைக்கு நல்ல ரப்பர் மெத்தை, இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

எல்லா .45-70-யும் ஒன்று என்று நினைப்பது

உயிர் போகும் தவறு. பழைய டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட், மார்லின் லீவர் ரைபிள், ரூகர் நம்பர் 1 என்று மூன்று பலத்துக்கு மூன்று விதமாக மருந்து அளவு போட்டிருப்பார்கள், கேஸ் ஒன்றேதான். மூன்றிலும் பலம் குறைந்தது தாத்தாவின் டிராப்டோர், அதில் மற்ற இரண்டுக்கான தோட்டாவும் போகக்கூடாது. யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாவை அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குண்டைக் கவனிக்காமல் கேலிபரை மட்டும் பார்ப்பது

.35 ரெமிங்டனின் மிதவேகத்துக்கென்று மெல்லிய உறையோடு செய்த குண்டுகள் உண்டு. விட்டம் ஒன்றுதான் என்று அதை வீலன் கேஸில் வைத்து முழு வேகத்தில் விட்டால், தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும். பெரிய மிருகங்களுக்கான கடினமான .45 குண்டோ மானுக்குள் விரியாமலே ஊடுருவிப் போய்விடும்.

இன்னொன்று. .45-70-க்குத் தட்டை மூக்குக் குண்டுதான் போட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது குழாய் மேகசின் உள்ள லீவர் ரைபிளுக்கான எச்சரிக்கை. அங்கே ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை, அதாவது அடிபட்டால் தீப்பொறி தரும் அடிப்பகுதியை, தொட்டுக்கொண்டு கிடக்கும். சிங்கிள் ஷாட்டில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அமெரிக்க வடமாநிலங்களின் தோட்டாப் பட்டியலைப் பார்த்து வாங்குவது

கழுத்துக் குறுகாத நேர்சுவர் கேஸ்தான் வேண்டும் என்ற ஒஹாயோவின் விதி ஒஹாயோவுக்கு. மிசிசிப்பியில் கழுத்துக் குறுகிய கேஸும் செல்லும்.

தோட்டா கிடைக்குமா என்று கேட்காமல் ரைபிள் வாங்குவது

.30-06 போல .35 வீலன் எல்லாக் கடையிலும் இருக்காது. .444 மார்லின், .38-55 இன்னும் அரிது. டிசம்பர் நெருங்க நெருங்க அலமாரி காலியாகும். கடைசியில் ஏதோ ஒரு கம்பெனியின் வேறு எடைக் குண்டு கிடைத்து, சரிசெய்த ஸ்கோப் வீணாகும். ஜூன், ஜூலையிலேயே ஒரே வகை, ஒரே தொகுதி எண் உள்ள பெட்டிகளாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள். பாதியைத் திடலில் சுடுங்கள், மீதி காட்டுக்கு. வெறும் கேஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த சோதனைக்கு ஒன்றிரண்டு வேண்டும்.