வாய் நாற்றம்: பிரஷ் எட்டாத இடங்களைக் கவனியுங்கள்

காலையில் பல் தேய்த்து, மவுத்வாஷால் கொப்பளித்தும் சிறிது நேரத்தில் வாய் மறுபடி நாறினால் பேஸ்ட்டை மாற்றிப் பயனில்லை. வயிறு கெட்டிருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் நாற்றம் வாய்க்குள்தான் உண்டாகிறது. நாக்கின் பின்பகுதி, பல் இடுக்கு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆகியவற்றில் காற்று அதிகம் படாது. அங்கே தங்கும் உணவுத் துணுக்குகளையும் உதிர்ந்த செல்களையும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்கள் வெளியாகின்றன. அழுகிய முட்டை வாடை அதனால்தான்.

நம் வாய் வாடைக்கு நம் மூக்கு பழகிப்போயிருக்கும். அதனால் சோதித்துப் பாருங்கள். ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பகுதியை மெல்ல வழித்து, சில விநாடி கழித்து முகருங்கள். கடைவாய்ப் பல் இடுக்கில் பல் நூலை (ஃப்ளாஸ்) விட்டெடுத்து அதையும் முகருங்கள். எது நாறுகிறதோ அங்கேதான் வேலை.

நாக்கை வழிக்கும்போது பலரும் முன்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மாவு போல வெள்ளையாகப் படிவது பின்பாதியில்தான். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி நாக்கு வழிப்பானை எட்டும் வரை பின்னால் வைத்து, அழுத்தாமல் முன்னோக்கி இழுங்கள். ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டு நான்கைந்து முறை வழித்தால் போதும். மூச்சை வெளியே விட்டால் குமட்டல் குறையும். இரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டாதீர்கள். விரலை விட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

பல் இடுக்குக்கு இரவு நேரம் ஏற்றது. சுமார் 45 செ.மீ. நூலை இரு நடுவிரல்களிலும் சுற்றி, இடுக்கில் மெல்ல இறக்கி, பல்லின் பக்கத்தை அணைத்தாற்போல் வளைத்து, ஈறின் ஓரம் வரை மேலும் கீழும் தேய்க்க வேண்டும். வெடுக்கென்று இறக்கினால் ஈறு அறுபடும். முதல் சில நாள் இரத்தம் கசியலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் கசிந்தால் பல்லில் காரை (கெட்டிப்பட்டு ஒட்டிக்கொண்ட அழுக்கு) படிந்து ஈறு நோய் தொடங்கியிருக்கக்கூடும். காரையை வீட்டில் எடுக்க முடியாது. பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இடைவெளி அகலமாக இருந்தால் நூலைவிடச் சிறு இடுக்கு பிரஷ் நன்றாக வேலை செய்யும். ஊக்கு, தீக்குச்சியால் குத்தவே குத்தாதீர்கள்.

பல் தேய்ப்பது காலையும் இரவும் இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட். பிரஷை ஈறின் ஓரத்தில் சாய்த்துப் பிடியுங்கள். செங்கல் பொடி, உமிக்கரி பல்லைத் தேய்ந்துபோகச் செய்துவிடும். பல் செட் போடுபவர்கள் இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டுவையுங்கள்.

எச்சில்தான் வாயை ஓயாமல் கழுவுகிறது. தூக்கத்தில் அது குறைவதால்தான் காலையில் எல்லோர் வாயும் நாறுகிறது. வாயால் மூச்சு விடுவது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, புகையிலை, சில அலர்ஜி, மன அழுத்த மாத்திரைகள் இவையும் வாயை உலர்த்தும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷாலும் சிலருக்கு வாய் உலரும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். சோம்பு மெல்வது எச்சில் ஊற உதவும், ஆனால் அழுக்கை எடுக்காது. பூண்டு வாடை இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகவும் வருவதால் எவ்வளவு தேய்த்தாலும் சில மணி நேரம் இருக்கும்.

இவ்வளவும் இரண்டு வாரம் செய்தும் மாறவில்லையென்றால் முதலில் பல் மருத்துவரிடம் சொத்தையும் ஈறும் பாருங்கள். அங்கே குறையில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். டான்சில் குழிகளில் சேரும் வெண்கட்டிகளும், சைனஸ் தொற்றும் நாறும். சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழ வாடை வந்து, வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் பல்லைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.