வேர்டில், ஸ்பெல்லிங் பீ, ஸ்கிராபிள்: சொல் விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலச் சொல் விளையாட்டில் தேற வேண்டும் என்றதும் பலர் முதலில் செய்வது, பத்துப் பன்னிரண்டு எழுத்துள்ள கடினமான வார்த்தைகளைத் தேடிப் பிடித்து அர்த்தத்தோடு மனப்பாடம் செய்வது. மனப்பாடம் தப்பில்லை. எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதில்தான் கோளாறு. எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம் ஸ்கிராபிள். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. போட்டிக்கு முந்தைய சில வாரங்களில் சொற்பட்டியலைப் படித்து, எழுத்துகள் எப்படிச் சேர்கின்றன என்பதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டார். 2024-இல் ஸ்பானிஷிலும் பட்டம் வாங்கினார். இந்த ஆட்டங்களில் கேள்வி எப்போதும் இரண்டுதான்: எத்தனை எழுத்து, எந்த எழுத்து கட்டாயம் வர வேண்டும். அர்த்தம் அப்புறம்.

தமிழ் வழியில் எழுதப் படிக்கப் பழகியவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் சத்தத்தை வைத்து எழுத்தைத் தேடுகிறோம். ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்பில் கண்டுபிடிக்கும் ஆட்டம் வேர்டில். நாம் போடும் சொல்லில் சரியான இடத்தில் உள்ள எழுத்து பச்சையாகும், விடையில் வேறு இடத்தில் இருப்பது மஞ்சளாகும், இல்லாதது சாம்பலாகும். அதில் இரண்டாம் இடத்தில் என் என்ற எழுத்து பச்சையாகிவிட்டது என்று வையுங்கள். ஸ்நாக், ஏஞ்சல், எனிமி எல்லாம் நினைவுக்கு வரும். கத்தியைக் குறிக்கும் நைஃப், கதவைத் தட்டும் நாக் இரண்டும் வராது. ஏனென்றால் அவற்றின் முதல் எழுத்தான கே காதில் விழுவதே இல்லை. குள்ள மனிதனைச் சொல்லும் நோம் என்ற சொல்லின் தொடக்கத்தில் ஜி ஒளிந்திருப்பதும் அப்படித்தான். ஒரு இடத்தில் எழுத்து உறுதியானதும், அதற்கு முன்னால் எந்தெந்த எழுத்து நிற்க முடியும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதைவிடத் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

வேர்டிலில் நிறத்தைத் தவறாகப் படிப்பதால் போகும் வாய்ப்புகள் ஏராளம். விடை எலுமிச்சையைக் குறிக்கும் லெமன். நீங்கள் ஹலோ என்று போடுகிறீர்கள். இரண்டாம் இடத்து இ பச்சை. கடைசி ஓ மஞ்சள். ஹலோவில் எல் இரண்டு உண்டு. முதல் எல் மஞ்சளாகும், இரண்டாவது சாம்பலாகும். சாம்பலைப் பார்த்ததும் எல் இல்லவே இல்லை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில் அது சொல்வது, விடையில் எல் ஒன்றே ஒன்றுதான் என்பது. அதுவே பெரிய துப்பு. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நீங்கள் ஒரு எழுத்தை ஒரு முறை மட்டும் போட்டு அது பச்சையானால், அதே எழுத்து விடையில் இன்னொரு முறை வராது என்று அர்த்தமில்லை. மம்மி என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் எம் மூன்று முறை வருகிறதே!

அடுத்தது, நான்கு எழுத்து பச்சையான சந்தோஷத்தில் மாட்டிக்கொள்ளும் பொறி. கடைசி நான்கும் நைட், லைட் என்பவற்றின் வால் என்று தெரிந்துவிட்டது. முதல் எழுத்து மட்டும் பாக்கி. ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆறு வாய்ப்பும் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் ஃபிலிம்ஸ் என்று ஒரு தடவை போடுங்கள். அது விடையாகவே முடியாது, தெரிந்தேதான் போடுகிறோம். அதிலுள்ள எஃப், எல், எம், எஸ் நான்கில் எது நிறம் மாறுகிறதோ அதுதான் விடையின் முதல் எழுத்து. ஒன்றும் மாறவில்லையா, நான்கு சொல் ஒரே அடியில் கழிந்தது. கிடைத்த துப்புகளை அடுத்த முயற்சிகளிலும் பயன்படுத்தியே தீர வேண்டிய ஹார்ட் மோடில் ஆடுபவர்களுக்கு மட்டும் இந்த வழி கிடையாது.

எஸ் சேர்த்த பன்மையை விடையாக எண்ணிப் போடுவதும் வீண். வேர்டிலை நடத்தும் நியூயார்க் டைம்ஸ் 2022 நவம்பரில் அறிவித்தபடி, எஸ் அல்லது இஎஸ் சேர்த்து உண்டாக்கிய பன்மைகள் விடையாக வருவதில்லை. சோதனைக்குப் போடலாம், ஃபிலிம்ஸ் போல. எழுத்துக்கூட்டலும் அமெரிக்க முறைதான். 2022 தொடக்கத்தில் ஃபேவர், ஹ்யூமர் இரண்டும் யு இல்லாமல் ஐந்தெழுத்தில் விடையாக வந்தபோது பிரிட்டனில் பலர் கொதித்தார்கள். நம் பள்ளிகளிலும் கற்றுத் தருவது பிரிட்டிஷ் முறைதான் என்பதால் கலர், ஹானர் போன்றவற்றை ஆறெழுத்தாக நினைத்து நாமும் ஒதுக்கிவிடுகிறோம்.

ஸ்பெல்லிங் பீயில் கட்டாய எழுத்து நடுவில் இருக்கும். ஏழு எழுத்து, சொல்லுக்குக் குறைந்தது நான்கு எழுத்து, நடு எழுத்து கண்டிப்பாக வர வேண்டும். எம் நடுவிலும், ஏ, சி, ஐ, எல், என், ஓ சுற்றிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் எம்மில் தொடங்கும் சொற்களாகவே தேடுவார்கள்: மால், மெயில், மில்லியன். அந்த எம்மைச் சொல்லின் நடுவில் வையுங்கள், அனிமல், காமிக், காமன் வரும். கடைசியில் வையுங்கள், கிளெய்ம் வரும். ஒரே எழுத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். லவங்கப்பட்டையைக் குறிக்கும் சின்னமன் இதே எழுத்துகளில் கிடைக்கிறது. அதில் என் மூன்று. எட்டெழுத்து, எட்டுப் புள்ளி. நான்கெழுத்துச் சொல்லுக்கு ஒரே ஒரு புள்ளிதான் என்பதால் வித்தியாசம் கொஞ்சமல்ல. ஏழு எழுத்தும் வரும் சொல்லுக்குக் கூடுதலாக ஏழு புள்ளி. இந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு சொல் மோனோமேனியக்கல், ஒரே எண்ணத்தில் வெறியாக இருப்பதைச் சொல்வது. மேனியாக் தெரிந்தவர் முன்னும் பின்னும் ஒட்டிப் பார்த்தாலே எட்டிவிடலாம்.

ஸ்கிராபிளில் க்யூ கையில் வந்ததும் யு வரட்டும் என்று காத்திருப்பதுதான் மிகப் பழைய தவறு. 100 காய்களில் யு நான்குதான். யு இல்லாத க்யூ சொற்கள் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்: நிகாப், ஃபக்கீர், எல்லாவற்றுக்கும் மேலாக க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்தில் முடியும் சீ. சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் சொல் அது. மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் சீ அமைந்தால் 62 புள்ளி. பெரிய வார்த்தைகளுக்கு நேரம் செலவிடும் முன் 100-க்கு மேல் இருக்கும் இரண்டெழுத்துச் சொற்களைப் படித்துவிடுங்கள். எஸ் நான்கும் வெற்றுக் காய் இரண்டும்தான் மொத்தமே. அவற்றை நாலைந்து புள்ளிக்காகச் செலவழிக்காதீர்கள். ஏழு காயையும் ஒரே சுற்றில் இறக்கினால் கிடைக்கும் 50 புள்ளிக்கு அவை உதவும்.

கடைசியாக, நீளத்தையும் எழுத்தையும் கொடுத்தால் சொற்களைக் கொட்டும் இணையக் கருவிகள். வரும் பட்டியல் எந்த அகராதியிலிருந்து என்று பார்க்காமல் படிக்காதீர்கள். ஸ்கிராபிளில் வட அமெரிக்கா பின்பற்றும் சொற்பட்டியலும், பிற பல நாடுகள் பின்பற்றும் காலின்ஸ் பட்டியலும் வேறு வேறு. இந்தியப் போட்டிகளில் காலின்ஸ்தான். சி, எச் என்ற இரண்டெழுத்துச் சொல் காலின்ஸில் செல்லும், வட அமெரிக்காவில் செல்லாது. ஆட்டம் முடிந்த பிறகு கருவியைத் திறந்து, அன்று தவறவிட்ட நாலைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் படிக்க உட்கார வேண்டாம்.