சின்ன ஒயின் ஆலைக்குப் போகும் முன்

ஒரு குடும்பமே நடத்தும் சின்ன ஒயின் ஆலைக்குச் சுவைத்துப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் போன் செய்துவிடுங்கள். ஊற்றித் தருபவரே பல இடங்களில் தோட்டத்தையும் பார்ப்பவர். திராட்சை அறுவடைச் சமயத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சென்ட் வேண்டவே வேண்டாம். ஒயினின் ருசியில் பெரும்பங்கு வாசனைதான், நீங்கள் பூசிய சென்ட் பக்கத்தில் நிற்பவரின் கிளாஸையும் கெடுத்துவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வெள்ளையில் தொடங்கி சிவப்புக்குப் போங்கள், இனிப்பானது கடைசியில். வாயில் சுழற்றிவிட்டு அங்கே வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அதனால் வண்டி ஓட்டக் குடிக்காத ஒருவர் கூட வரட்டும். அப்புறம், வெளிக்கடைகளில் கிடைக்காத ஒயின் எது என்று கேளுங்கள். குறைந்த அளவில் செய்யும் சில வகைகளை அங்கே மட்டும்தான் விற்பார்கள்.