ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டரா? முதலில் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள்

கடைக்காரர் ஐ7 ப்ராசஸர், 32 ஜிபி ரேம், கலர் லைட் என்று அடுக்கிக்கொண்டே போவார், ஆனால் கேம் எப்படி ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டுதான், அதனால் பட்ஜெட்டில் பெரிய பங்கு அதற்கே போகட்டும்.

முதலில் உங்கள் மானிட்டரைப் பாருங்கள். திரைத் தெளிவு (ரெசல்யூஷன்) 1080பி என்றால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 கார்டு தாராளம். 1440பி என்றால் 12 ஜிபிக்குக் குறைந்த விஆர்ஏஎம் (கார்டின் சொந்த மெமரி) வேண்டாம், புது கேம்களில் டெக்ஸ்ச்சரை, அதாவது பொருட்களின் மேற்பரப்புப் படத் தரத்தை, ஏற்றினால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும்.

அப்புறம் கார்டின் முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 'ஆர்டிஎக்ஸ் 3050' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. 8 ஜிபி 3050-ல் கணக்குப் போடும் கோர்கள் 2560, 6 ஜிபியில் 2304தான், மெமரி பஸ்ஸும் (மெமரிக்குத் தரவு போய்வரும் பாதை) 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைகிறது. அதாவது மெமரி மட்டுமல்ல, கார்டே வேறு. 5060 டிஐ-யிலும் 8, 16 என இரண்டு வகை உண்டு, முடிந்தால் 16 வாங்குங்கள்.

பவர் சப்ளையின் பிராண்டும் வாட்ஸும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 4060-க்கு என்விடியா சொல்வது 550 வாட்ஸ்; பின்னாளில் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650 இருக்கட்டும், கேபினெட்டில் நீளமான கார்டுக்கு இடம் இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டிலேயே செருகுங்கள்.