சிலுவையைப் பற்றித் திருக்குர்ஆனையும் நற்செய்தி நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பது எப்படி

பெரிய வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையிலிருந்து சொன்ன ஏழு வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, இயேசு சிலுவையில் அறையப்படவே இல்லை என்று திருக்குர்ஆன் கூறுவது முதலில் திகைப்பையே தரும். இயேசுவை ஈஸா நபி என்று அழைத்து, அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் ‘அலைஹிஸ்ஸலாம்’ சேர்த்துச் சொல்லும் ஒருவருக்கோ, அல்லாஹ்வின் தூதர் ஏளனத்துக்கு நடுவே ஆணியறையப்பட்டு உயிர்விட்டதையே நற்செய்தி என்று பக்கத்து வீட்டார் கொண்டாடுவது விளங்காது. இவ்விருவரில் நீங்கள் எவராக இருந்தாலும், மற்றவரின் நம்பிக்கையை அவரே ‘ஆம், நாங்கள் நம்புவது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லப் பழகுவதற்கான வழியை இங்கே எழுதுகிறேன். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று.

முதற்காரியமாகக் கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரோமரின் சார்பில் பிலாத்து ஆளுநராக இருந்த நாளில் எருசலேமில் என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. நடந்ததற்கு என்ன பொருள் என்பது வேறொரு கேள்வி. விவாத மேடைகளில் ஒருவர் முதற்கேள்வியைக் கேட்க, மற்றவர் இரண்டாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கைதட்டல் மட்டும் இருவருக்கும் கிடைக்கும். குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குவது நல்லது.

அடுத்து, ஒவ்வொரு வேதத்துக்கும் குறைந்தது இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யோவான் 19:30இல் இயேசுவின் சொல் பழைய மொழிபெயர்ப்பில் ‘முடிந்தது’ என்றும், திருவிவிலியத்தில் ‘எல்லாம் நிறைவேறிற்று’ என்றும் இருக்கிறது. முதலாவதை மட்டும் படிக்கும் முஸ்லிம் வாசகர், தோற்றுப்போன ஒருவரின் பெருமூச்சு என்று அதைக் கொள்ளக்கூடும். கிரேக்க மூலச்சொல்லோ எடுத்த பணி முழுமை பெற்றதைக் குறிப்பது.

இனி, விவாதத்தின் மையமான திருக்குர்ஆன் 4:157க்கு (4ஆம் அத்தியாயம், 157ஆம் வசனம்) வாருங்கள். அதனைத் தனியே பிடுங்கிப் படிக்காமல் 4:153இலிருந்து 159 வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். அங்கே வேதக்காரர்கள் (முன்பே வேதம் அருளப்பட்டவர்கள், இவ்விடத்தில் யூதர்கள்) மீதான குற்றச்சாட்டுகள் வரிசையாக வருகின்றன. ‘மர்யமின் மகன் ஈஸா மஸீஹை நாங்கள் கொன்றோம்’ என்று சிலர் பெருமையடித்துக்கொண்டதும் அவற்றுள் ஒன்று. அந்தப் பெருமைக்கு மறுப்பாகத்தான் ‘வமா கதலூஹு வமா ஸலபூஹு வலாகின் ஷுப்பிஹ லஹும்’ என்ற சொற்கள் வருகின்றன: அவர்கள் அவரைக் கொல்லவில்லை, சிலுவையில் அறையவும் இல்லை, ஆனால் அவர்களுக்கு அவ்வாறு தோற்றமளிக்கச் செய்யப்பட்டது. அடுத்த வசனம் அல்லாஹ் அவரைத் தன்னளவில் உயர்த்திக்கொண்டான் என்று முடிக்கிறது.

‘ஷுப்பிஹ லஹும்’ என்ற இரண்டே சொற்களில் நிதானமாக நில்லுங்கள். தமிழ்ப் பெயர்ப்புகள் சிலவற்றில் இவ்விடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘அவரைப் போன்ற’ என்ற விளக்கமும், அதையடுத்து ‘ஒருவன்’ என்ற சொல்லும் இருக்கக் காணலாம். அரபு மூலத்தில் அந்த ‘ஒருவன்’ வெளிப்படையாக இல்லை. அது தஃப்சீர் (குர்ஆன் விளக்கவுரை) மரபிலிருந்து மொழிபெயர்ப்பாளர் எடுத்துவைத்த சொல். முதன்முறை படித்தபோது அடைப்புக்குறியையும் வசனத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொண்டு, அதையே ஒரு நண்பரிடம் வேத வாக்காக எடுத்துச் சொல்லி, அவர் அரபு வரியின் மேல் விரல் வைத்து ‘இதில் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டபோது விழித்தவன் நான். இலக்கணக் கேள்வியும் புதியதன்று: ஒப்பாக்கப்பட்டது யார் அல்லது எது என்பதை 1144இல் மறைந்த ஸமக்‌ஷரீயே தம் தஃப்சீரில் கேட்டு, செய்தியே அவர்களுக்குக் குழப்பமாக்கப்பட்டது என்றும், கொல்லப்பட்ட மற்றொருவரைக் குறிக்கிறது என்றும் இரு வழிகளைக் காட்டுகிறார்.

தஃப்சீர்களைத் திறந்தால், ஈஸா நபிக்குப் பதிலாகச் சிலுவையில் ஏற்றப்பட்ட பதிலாள் யார் என்பதில் ஒரே பதில் கிடைக்காது. 923இல் மறைந்த தபரீ பல அறிவிப்புகளைத் தொகுத்துத் தருகிறார். வஹ்ப் இப்னு முனப்பிஹ் வழியாக வரும் ஒன்றில், வீட்டிலிருந்த 17 சீடர்களும் ஈஸாவின் உருவத்தில் தோன்ற, பிடிக்க வந்தவர்கள் திகைத்து நிற்கிறார்கள், சீடர் ஒருவர் தாமே முன்வந்து ‘நான்தான்’ என்கிறார். இப்னு கஸீர் எடுத்துக்காட்டும் இப்னு அப்பாஸின் அறிவிப்பில், முன்வருபவர் அங்கிருந்தவர்களில் வயதில் இளையவர். ஈஸா நபி கூரையின் திறப்பு வழியே உயர்த்தப்படுகிறார். காட்டிக்கொடுத்த யூதாஸே மாட்டிக்கொண்டான் என்ற கூற்றும் உண்டு. ‘இறைவன் ஒருவரின் உருவத்தை இன்னொருவர் மேல் போட்டு மக்களை ஏமாற்றுவானா?’ என்று கேட்கும் கிறிஸ்தவர், அக்கேள்வியைத் தாமே கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டியதில்லை. அப்படியானால் கண்ணால் கண்டதை எப்படி நம்புவது, மணமும் சொத்தும் எதை நம்பி நிற்கும் என்று 1210இல் மறைந்த ஃபக்ருத்தீன் ராஸீ கேட்டுவிட்டார். கேட்டதோடு விடாமல் மறுமொழிகளையும் ஆராய்ந்திருக்கிறார். ஆக, முஸ்லிம்களின் பொது நம்பிக்கையை எழுதும்போது ‘ஈஸா நபி கொல்லப்படவும் இல்லை, சிலுவையில் இறக்கவும் இல்லை; அல்லாஹ் அவரை உயர்த்திக்கொண்டான்; உலக முடிவுக்கு முன் இறங்கி வருவார்’ என்று எழுதுங்கள்; பதிலாளின் பெயரை வசனத்தின் பகுதியாக எழுதாதீர்கள். சிலுவையில் ஏற்றப்பட்டும் உயிர்தப்பிக் காஷ்மீர் வந்து இறந்தார் என்பது அஹ்மதியாக்களின் கொள்கை. ஸ்ரீநகரின் ரோஸா பல் அடக்கத்தலத்தை அவர்கள் சுட்டுவார்கள்; ஏனைய முஸ்லிம்கள் இதனை ஏற்பதில்லை.

அல்லாஹ் ஈஸா நபியிடம் பேசும் 3:55இல் வரும் ‘முதவஃப்பீக்க’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. அதன் வேர் முழுமையாக எடுத்துக்கொள்வதைக் குறிப்பது. குர்ஆனில் பெரும்பாலும் மரணத்துக்கு வருகிறது, ஆனால் 6:60இல் இரவுத் தூக்கத்துக்கும் வருகிறது. இதை வைத்து நடந்த பழைய உரையாடல் ஒன்று நம் கையில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கலீஃபா அல்மஹ்தீ 4:157ஐ எடுத்துக்காட்ட, கிழக்குத் திருச்சபையின் தலைவரான முதலாம் திமொத்தேயு ‘நான் பிறந்த நாளிலும், நான் மரிக்கும் நாளிலும் என் மீது சாந்தி’ என்று ஈஸா நபி சொல்லும் 19:33ஐயும், 3:55ஐயும் பதிலாகச் சொல்கிறார். ஈஸா இன்னும் இறக்கவில்லை, இனி இறப்பார் என்கிறார் கலீஃபா. இன்றைய விவாதங்களில் கேட்கும் வாதமும் மறுவாதமும் அன்றே அரசவையில், ஏறத்தாழ இதே வசனங்களோடு, மரியாதை குன்றாமல் பேசப்பட்டுவிட்டன.

நற்செய்தி நூல்களைப் படிக்கும்போது நான்கையும் ஒன்றாகக் குழைக்காமல் படியுங்கள். மாற்குவில் இயேசு ‘எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி’ என்று கதறுகிறார். லூக்காவில் தம் ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புவிக்கிறார். மாற்கு மூன்றாம் மணிவேளையில் (காலை ஒன்பது மணியளவில்) சிலுவையில் அறைந்தார்கள் என்கிறார். யோவானில் ஆறாம் மணிவேளையளவில் (நண்பகலளவில்) இன்னும் பிலாத்துவின் விசாரணையே முடியவில்லை. இவ்வேறுபாடுகளைக் கண்டு முஸ்லிம் வாசகர் உடனே ‘பொய்’ என்று எழுதிவிட வேண்டாம், கிறிஸ்தவ வாசகர் அவற்றை மறைக்கவும் வேண்டாம். இறப்பு நிகழ்ந்தது என்பதில் நான்கும் ஒன்றே. அந்நூல்களுக்கு முன்பே, 50களில் எழுதப்பட்ட 1 கொரிந்தியரில் பவுல், கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார் என்பதைத் தாம் பெற்றுக்கொண்ட செய்தியாகவே ஒப்படைக்கிறார். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு வேண்டிய ‘இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும்’ என்ற வேண்டுதலை, கேட்கப்பட்ட பிரார்த்தனை என்று முஸ்லிம்கள் சுட்டுவது உண்டு. எபிரெயர் 5:7உம் அந்த வேண்டுதல் கேட்கப்பட்டது என்றே சொல்கிறது, ஆனால் கிறிஸ்தவ வாசிப்பில் அது சாவைத் தவிர்த்ததால் அன்று, சாவிலிருந்து எழுப்பியதால். உள்ளபடியே இரு சமயங்களும் பிரியும் இடத்தை இந்த ஒரு வசனத்தில் பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம்: தன் அடியாரை இறைவன் எப்படிக் கைவிடாமல் காக்கிறான் என்ற கேள்விக்கு, பகைவர் கையில் சிக்கவிடாமல் என்கிறது ஒன்று; சிக்கிய பின்னும் என்கிறது மற்றொன்று.

பொருளைப் பற்றிய பக்கத்தை இதன்பின் நிரப்பலாம். குர்ஆனின்படி ஆதம் தவறிழைத்தார், மன்னிப்புக் கேட்டார், மன்னிக்கப்பட்டார் (2:37). ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் (6:164). சிலுவையில் இறப்பு நிகழ்ந்திருந்தாலும் அதனால் பாவம் தீர்வதற்கு இங்கே இடமில்லை. கிறிஸ்தவத்திலோ பாவம் மனிதகுலம் முழுவதையும் பிடித்திருக்கும் அடிமைத்தனம். மாற்கு 10:45இன்படி மானிட மகன் பலருக்கு மீட்புப்பணமாகத் தம் உயிரைக் கொடுக்க வந்தார். ‘கடவுள் இறந்த மூன்று நாள் உலகை நடத்தியது யார்?’ என்று கேட்பவர், இறை இயல்பு துன்பத்துக்கும் சாவுக்கும் உட்படுவதில்லை, கிறிஸ்து தம் மனித இயல்பில்தான் இறந்தார் என்ற திருச்சபையின் பழைய விளக்கத்தையும், 451இல் கல்சேதோன் பொதுச்சங்கம் இரு இயல்புகளைப் பற்றி வகுத்ததையும் படித்த பிறகு கேட்கட்டும்.

வரலாற்றுச் சான்றுகளுக்கு அதிக நேரம் வேண்டாம். ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ், திபேரியு ஆட்சியில் பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதை எழுதுகிறார். இன்றைய வரலாற்றறிஞர்கள் பெரும்பாலோர் சிலுவை மரணத்தை நடந்ததாகவே கொள்கின்றனர். முஸ்லிமின் மறுப்பு அச்சான்றுகளை எடைபோட்டு எழுந்ததன்று, வஹீயை (இறைவன் அருளிய வெளிப்பாட்டை) நம்பி எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியது என்று வசனமே சொல்வதாக அவர் கூறுவார். பர்னபாவின் நற்செய்தியை மட்டும் சான்றாகக் கொண்டுவராதீர்கள். இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் கிடைத்த பிற்கால நூல் அது. முஹம்மது நபியையே மஸீஹ் என்று சொல்வதால் குர்ஆனோடும் முரண்படுகிறது. அதுபோல, ‘யூதர்கள் கொன்றார்கள்’ என்ற பழைய பேச்சையும் கிறிஸ்தவர் விட்டுவிட வேண்டும்; சிலுவை ரோமரின் தண்டனை, யூத இனம் முழுவதன் மேலும் அப்பழியைச் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இலேயே அறிவித்துவிட்டது.

கடைசி வேலை, மற்றவரின் நம்பிக்கையை அரைப்பக்கத்தில் அவருடைய சொற்களிலேயே எழுதுவது. முஸ்லிமின் நம்பிக்கையை எழுதும்போது ஈஸா நபி என்றும், கிறிஸ்தவரின் நம்பிக்கையை எழுதும்போது ஆண்டவர் இயேசு என்றும் அவர்கள் வழங்குவதுபோலவே எழுதி, அப்பக்கத்தை அந்தச் சமயத்து நண்பர் ஒருவரிடம் சிவப்பு மையோடு கொடுங்கள். அநேகமாக முதற்கோடு ‘பதிலாள்’ என்ற சொல்லின் மேலோ, ‘கடவுள் இறந்தார்’ என்ற தொடரின் மேலோ விழும். கோடு விழுந்த இடத்துக்குரிய வசனத்தை அவரோடு உட்கார்ந்து மீண்டும் திறந்து, அப்பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள்.