ஹார்த்ஸ்டோனில் டஸ்ட்டைச் செலவழிக்கும் முன்

காசு போடாமல் ஹார்த்ஸ்டோன் என்ற ஆன்லைன் கார்டு ஆட்டத்தை ஆடப் போகிறீர்களா? முதலில் டஸ்ட்டை, அதாவது கார்டு செய்யச் செலவாகும், வேண்டாத கார்டை உடைத்தால் கிடைக்கும் பொருளை, இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு லெஜண்டரி (மிக அரிய வகை) கார்டு செய்ய 1600 டஸ்ட் வேண்டும், அதையே உடைத்தால் கிடைப்பது வெறும் 400, அதாவது அவசரப்பட்டால் நாலில் மூணு பங்கு போச்சு. இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். போதாததற்கு புதிய கார்டுகளை வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் முறையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பழைய செட்கள் (கார்டுத் தொகுப்புகள்) வெளியேறிவிடும், அந்த நேரம் நெருங்கினால் பழைய செட்டில் எந்தக் கார்டையும் டஸ்ட் போட்டுச் செய்யவே வேண்டாம்.

ஆனால் ஆட்டம் அருமை! 30 கார்டு டெக், ஒவ்வொரு முறையும் மானா (கார்டை இறக்கச் செலவாகும் சக்தி) தானாக ஒன்று கூடி 10 வரை போகும், மானாவுக்கென்று தனிக் கார்டு வரட்டும் என்று காத்திருக்கும் தொல்லையே கிடையாது. 2021 முதல் கோர் செட் என்ற அடிப்படைக் கார்டுத் தொகுப்பும் இலவசம், ஆடி லெவல் ஏற்றினால் போதும்.

சரி, டஸ்ட் எப்படிச் சேர்ப்பது? ஒரே கார்டு இரண்டுக்கு மேல் (லெஜண்டரி என்றால் ஒன்றுக்கு மேல்) இருந்தால் மட்டும் உடையுங்கள். அப்புறம், ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒரு கார்டின் பலத்தைக் குறைத்தால் வழக்கமாகச் சில நாட்களுக்கு அதை உடைத்தவர்களுக்கு முழு டஸ்ட்டும் திரும்பக் கிடைக்கும், அந்த அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள்.