கிளஸ்டரில் பராமரிப்பு வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மூன்று சர்வர்களைச் சேர்த்து கிளஸ்டர் ஆக்கிவிட்டால், ஒன்று விழுந்தாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் தானாக வந்துவிடும். எல்லா நோடும் (கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு சர்வரும்) நலமாக இருக்கும் வரை அந்தத் தைரியம் நியாயமானது. ஆனால் பேட்ச் போடவோ டிஸ்க் மாற்றவோ ஒரு நோடை வெளியே எடுத்த நொடியில், ஒரு பழுதைத் தாங்குவதற்காக வைத்திருந்த மாற்றை நீங்களே செலவழித்துவிட்டீர்கள். வேலை முடியும் வரை உங்களிடம் மாற்று இல்லை. இதை மறப்பதால்தான் பெரும்பாலான விபத்துகள் வருகின்றன.

முதலில், எண்ணிப் பார்க்காமல் தொடங்குவது. குவோரத்துக்கு, அதாவது கிளஸ்டர் முடிவெடுக்கத் தேவையான ஓட்டுகளுக்கு, பெரும்பான்மை வேண்டும்: 3 நோடில் 2, 5 நோடில் 3. 4 நோடு வைத்திருப்பவர்கள் இரண்டை ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 4-க்குப் பெரும்பான்மை 3, அதனால் 3 நோடு கிளஸ்டரைப் போலவே ஒன்றைத்தான் எடுக்க முடியும். எட்சிடி மாதிரியான பகிர்ந்த தரவுக் கிடங்கில் குவோரம் போனால் எழுதுவது அப்படியே நின்றுவிடும். ஓட்டுகளைப் போலவே சுமையையும் கணக்குப் போட வேண்டும். இரண்டு நோடும் தலா 60 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்றை நிறுத்தியதும் மற்றது 120 சதவீதம் சுமக்க வேண்டும், அது நடக்காது. இதெல்லாம் வேலைக்கு முந்தைய நாளே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

அடுத்தது பேஸ்மேக்கர் (சர்வீஸ் எந்த நோடில் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் கிளஸ்டர் மென்பொருள்) பயன்படுத்துபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் குழப்பம்: ஸ்டாண்ட்பை, மெயின்டெனன்ஸ் மோட் இரண்டையும் ஒன்றாக நினைப்பது. ஒரு நோடை ஸ்டாண்ட்பையில் போட்டால் அதில் ஓடும் சர்வீஸ்கள் நிறுத்தப்பட்டு வேறு நோடுக்குப் போகும், நோடு மட்டும் கிளஸ்டரில் உறுப்பினராக இருந்து ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். மெயின்டெனன்ஸ் மோட் இதற்கு நேர் எதிர். சர்வீஸ்கள் இருந்த இடத்திலேயே ஓடும், ஆனால் கிளஸ்டர் அவற்றைக் கவனிப்பதையே விட்டுவிடும். பெயரில் 'மெயின்டெனன்ஸ்' இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு நோடை ரீபூட் செய்தால், சர்வீஸ் விழும், யாரும் அதை வேறு இடத்தில் எழுப்ப மாட்டார்கள். கிளஸ்டர் மென்பொருளையே சர்வீஸைத் தொடாமல் மறுபடி துவக்க வேண்டுமா, அதற்கு மெயின்டெனன்ஸ் மோட் சரி. ரீபூட், கெர்னல், ஹார்ட்வேர் என்றால் ஸ்டாண்ட்பை. அப்புறம், மெயின்டெனன்ஸ் மோடிலிருந்து வெளியே வரும் முன், கிளஸ்டர் என்ன செய்யப் போகிறது என்பதை சிமுலேஷன் கருவியில் ஒருமுறை பாருங்கள், நீங்கள் கையால் நிறுத்தி வைத்த ஒன்றை அது உடனே எழுப்பவும் கூடும்.

ஃபென்சிங் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு நோடு சொல்லாமல் காணாமல் போனால் மற்ற நோடுகள் அதன் மின்சாரத்தையே துண்டிக்கும், அதுதான் ஃபென்சிங். நீங்கள் ஃபர்ம்வேர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் போர்டே போய்விடலாம். அதனால் அந்த நோடில் கிளஸ்டர் மென்பொருளை முறையாக நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முறையாக விலகிய நோடை யாரும் ஃபென்ஸ் செய்ய மாட்டார்கள். பல ரீபூட் தேவைப்படும் வேலை என்றால் பூட் ஆகும்போது கிளஸ்டர் தானாகத் துவங்குவதையும் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் நோடு நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி மறைந்து, வெட்டு வாங்கும். பாக்கேஜ் அப்டேட்டிலும் இதே கதைதான், ஓடும் நோடில் அப்டேட் போட்டால் நோடுகளை இணைத்து வைக்கும் கோரோசின்க்கையும் அது மறுபடி துவக்கிவிடலாம்.

இதற்குப் பயந்து ஃபென்சிங்கை மொத்தமாக அணைத்துவிடுவது இன்னொரு பக்கத் தவறு, இதைவிடப் பெரியது. அந்த நேரத்தில் நோடுகளுக்கு இடையிலான நெட்வொர்க் அறுந்தால் இரண்டு பக்கமும் தானே உயிரோடு இருப்பதாக நினைத்து, பகிர்ந்த டிஸ்க்கில் ஒரே ஃபைல் சிஸ்டத்தை இரண்டு இடத்தில் மவுண்ட் செய்யும். சர்வீஸ் பத்து நிமிடம் நிற்பதை யாரும் மன்னிப்பார்கள். சிதைந்த தரவுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் இதற்கு இணையான அவசரம் ஒன்று உண்டு. டிரெயின் (நோடைக் காலி செய்யும் கட்டளை) நகராமல் நிற்கிறது, காரணம் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பாடை (ஓடும் பிரதியை) எடுக்கலாம் என்ற வரம்பு. உடனே பாடை நேரடியாக நீக்கிவிடுவார்கள். நேரடி நீக்கத்துக்கு அந்தப் பட்ஜெட் குறுக்கே வராது, அதனால் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த பிரதியும் போய்விடும். டிரெயின் நின்றால் ஏன் நின்றது என்று பாருங்கள். பிரதி ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதலில் பிரதியைக் கூட்டுங்கள்.

எந்த சர்வரில் இருக்கிறோம் என்று பார்க்காமல் கட்டளை அடிப்பது பழைய தவறுதான், ஆனாலும் அதன் விலை பெரிது. 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிப்புத் தளமான கிட்லேபில் இரண்டாம் நிலை டேட்டாபேஸின் தரவு அடைவை அழிக்க நினைத்தவர் முதன்மை சர்வரில் அதைச் செய்துவிட்டார், ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜிபி போயிருந்தது. பேக்கப்புகளைத் தேடியபோது பல வேலை செய்யவில்லை என்று தெரிந்தது, கடைசியில் ஆறு மணி நேரம் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டார்கள். இதை அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள், அது பாராட்ட வேண்டியது. ப்ராம்ப்டில் நோடின் பெயரும் பங்கும் வேறு நிறத்தில் தெரியட்டும். அழிக்கும் கட்டளையை இன்னொருவர் பார்த்தபிறகே அடியுங்கள். பேக்கப் 'எடுக்கப்பட்டது' என்பதோடு நிற்காமல், அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நெட்வொர்க் வேலை என்றால், தானியங்கி ஃபெயில்ஓவர் (பொறுப்பு வேறு நோடுக்கு மாறுவது) அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று முன்பே முடிவு செய்யாமல் கேபிளைத் தொடாதீர்கள். 2018 அக்டோபர் 21-இல் கிட்ஹப் ஒரு பழுதான 100ஜி ஆப்டிகல் கருவியை மாற்றும்போது இணைப்பு 43 நொடிதான் போனது. அதற்குள் டேட்டாபேஸ் முதன்மைப் பொறுப்பு நாட்டின் மறுகரைக்கு மாறிவிட, இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு எழுதப்பட்டுவிட்டது. சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

முதல் நோடு பூட் ஆகிவிட்டது என்று உடனே அடுத்த நோடுக்குத் தாவுவதையும் சொல்ல வேண்டும். பூட் ஆனது வேறு, தரவில் சமமாகிவிட்டது வேறு. டிஸ்க்கை நோடுகளுக்கிடையே நகலெடுக்கும் டிஆர்பிடி என்றால் அப்டுடேட் என்று காட்ட வேண்டும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் ரெப்ளிகேஷன் (நகலெடுப்பு) பின்தங்கல் தீர்ந்திருக்க வேண்டும். செஃப் ஸ்டோரேஜில் இன்னொரு சிக்கல்: இயல்பான அமைப்பில் ஓஎஸ்டி (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் நிரல்) 600 நொடிக்கு மேல் கீழே இருந்தால் கிளஸ்டர் தரவை வேறு இடத்துக்கு நகர்த்தத் தொடங்கிவிடும். அதற்காகத்தான் முன்கூட்டியே, அதைத் தடுக்கும் நோஅவுட் கொடி போடுகிறோம்.

போட்ட கொடியை எடுக்க மறப்பதுதான் பிறகு வந்து கடிக்கிறது. நோஅவுட், ஸ்டாண்ட்பை, அணைத்த ஃபென்சிங், குபெர்னெட்டீஸில் கார்டன் செய்த (புதிய பாட் வராமல் தடுத்த) நோடு, அமைதியாக்கிய அலெர்ட் எல்லாம் இந்தக் கணக்குதான். பேஸ்மேக்கரில் சர்வீஸைக் கையால் நகர்த்தினால் பழைய பதிப்புகளில் ஒரு இடக் கட்டுப்பாடு உள்ளே தங்கிவிடும், அதை நீக்காவிட்டால் பின்னொரு நாள் சர்வீஸ் நீங்கள் எதிர்பாராத நோடுக்கே ஓடும். மாற்றிய ஒவ்வொன்றையும் மாற்றும்போதே எழுதி வைத்து, திரும்ப எடுத்ததும் அதே தாளில் அந்த வரியை அடித்துவிடுங்கள். எல்லா நோடிலும் ஒரே பதிப்பு ஓடுகிறதா என்றும் பார்த்துவிட்டு, அனுமதித்த நேரம் மிச்சம் இருக்கும்போதே ஒருமுறை வேண்டுமென்றே ஃபெயில்ஓவர் செய்து பாருங்கள். புதுப்பித்த நோடு சர்வீஸை உண்மையிலேயே ஏற்கிறதா என்பது அதில்தான் தெரியும், 'வேலை முடிந்தது' என்ற மெயில் அதற்குப் பிறகு போகட்டும்.